கை நழுவும் என்னும் அச்சம்

திருமண வீட்டிலே பந்தி நடக்கின்றது. உற்றாரும் உறவினரும் கூடியிருக்க, அவர்கள் நடுவே ஓர் இளைஞன் கைத்தொலைபேசியும் கையுமாக அமர்ந்திருக்கின்றான். நண்பர்கள் வேறோர் ஊருக்கு உல்லாசப் பயணம் சென்ற படங்கள் அதிலே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. இலையிலே பரிமாறியது இன்னதென்றும் அவன் அறியான். நண்பரோடும் அவன் இல்லை. உறவினரோடும் அவன் இல்லை.

பிறர் அடையும் இன்பம் தனக்குக் கிட்டாது போய்விடுமோ என்னும் இந்த ஏக்கத்தை, தவறவிடும் அச்சம் எனலாம். கருவி புதிது, உணர்ச்சியோ பழையது. தன்னை அளந்தறிய வேறு அளவுகோல் இல்லாதவிடத்து, மனிதன் பிறரோடு ஒப்பிட்டே தன்னை மதிப்பிடுகின்றான் என்பதை அமெரிக்க உளநூலறிஞர் லியோன் பெஸ்ரிங்கர் 1954 ஆம் ஆண்டிலே எடுத்துக் காட்டினார். முன்னர் இவ்வொப்பீடு பெரும்பாலும் அயலாரோடு நின்றது. இன்றோ நூற்றுக்கணக்கானோரின் வாழ்க்கை கண்முன்னே விரிகின்றது. அதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்துக் காட்டும் நல்ல பகுதி மாத்திரமே. பிறருடைய திருநாளைத் தன்னுடைய வெறுநாளோடு ஒப்பிடுபவன் மனம் சோராமல் வேறென் செய்வான்?

ஒரு பொருளைப் பெறும்போது உண்டாகும் மகிழ்ச்சியிலும், அதே பொருளை இழக்கும்போது உண்டாகும் துன்பம் பெரிது என்பதை டானியல் கானமன், ஏமொஸ் ற்வேர்ஸ்கி என்னும் இருவர் 1979 இல் விளக்கினர். போகாத விருந்தையும் இழந்த பொருளாகவே மனம் கணக்கெழுதிக் கொள்ளுமாயின், ஏக்கம் பெருகுவதில் வியப்பில்லை. பிரித்தானியாவில் நடைபெற்று 2013 இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வச்சம் இளைஞரிடத்தே மிகுந்து காணப்பட்டது. தன் விருப்பப்படி நடக்கும் உரிமை, திறமை, உறவு ஆகியவற்றில் நிறைவு காணாதவரையும் அது மிகுதியாகப் பற்றியிருந்தது.

இதற்கு மருந்தாகச் சிலர், "நாளையை நினையாதே, இன்றையை அனுபவி" என்பர். ஆனால், இன்றையை அள்ளிக்கொள்ளும் அவசரமும் பல வேளைகளில் அச்சத்தின் குழந்தையே. அமெரிக்காவிலுள்ள றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 28 சிறுவரைக் கொண்டு நடத்திய சோதனை இதற்குச் சான்றாகும். படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டு வருவதாகச் சிறுவருக்கு வாக்களிக்கப்பட்டது. ஒரு பாதியினருக்கு அவ்வாக்கு நிறைவேறியது. மறு பாதியினருக்கு நிறைவேறவில்லை. பின்னர் ஒவ்வொருவர் முன்னும் ஓர் இனிப்பு வைக்கப்பட்டது. உண்ணாது பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. வாக்குக் காக்கப்பட்ட சிறுவர் சராசரி 12 நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாற்றம் கண்டவரோ 3 நிமிடமளவே பொறுத்தனர்.

பொறுக்க மாட்டாத பிள்ளையை மனவுறுதி அற்றவன் என்று பழிப்பது எளிது. ஆனால், சொன்ன சொல் பொய்த்துப்போகும் சூழலில், கையிலுள்ளதை உடனே உண்பதே அறிவுடைய செயல் என்று அப்பிள்ளை கற்றுக்கொண்டிருக்கலாம் அல்லவா? நாளையை நம்ப முடியாதவனே இன்றையைப் பறித்துத் தின்ன முற்படுகின்றான். ஆதலின், பொறுமையைப் புகட்டுமுன் பெரியோர் தம் வாக்கைக் காத்தல் வேண்டும்.

கணத்துக்காக வாழ்வது வேறு. கணத்திலே வாழ்வது வேறு. ஹாவார்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர் விழித்திருக்கும் வேளையில் ஏறக்குறையப் பாதி நேரம், செய்கின்ற காரியத்தை விட்டு மனம் வேறெங்கோ அலைகின்றது. அவ்வாறு அலையும்போது அவர்கள் மகிழ்ச்சி குன்றியே காணப்பட்டனர்.

எல்லா விருந்துக்கும் செல்லுதல் எவர்க்கும் இயலாது. ஒன்றைத் தேர்ந்தவர் மற்றவற்றை விட்டேயாதல் வேண்டும். விட்டதை எண்ணி வருந்துபவன் இருந்த பந்தியையும் இழக்கின்றான். கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அருகிருக்கும் முதியவரிடம் நலம் விசாரிக்கும் இளைஞனுக்கோ, அந்தப் பந்தியேனும் முழுமையாகக் கிட்டுகின்றது.