பேசும் கைப்பேசியும் பேசாத பயிற்சித்தாளும்

பார்வையற்றோர் கல்வியில் மலாக்காவுக்கு ஒரு பழந்தொடர்பு உண்டு. இன்று பினாங்கில் விளங்கும் செயிண்ட் நிக்கலஸ் இல்லம் 1926ஆம் ஆண்டு மலாக்காவிலேதான் தோன்றிற்று. 1931இல் பினாங்குக்கு மாறியது. அக்காலத்தில் பார்வையற்ற பிள்ளைக்குக் கிட்டிய பெருந்துணை, விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தே. இன்றோ, தோட்டத்துத் தாயொருத்தியின் கைப்பேசிக்குள்ளேயே படித்துக்காட்டும் குரலொன்று உறங்கிக்கிடக்கிறது. அதனை எழுப்பத் தெரிந்தோர் சிலரே.

கைப்பேசியின் அமைப்புகளில் 'எக்ஸஸிபிலிட்டி' என்றொரு பகுதி உண்டு. அங்கே ஆண்டிராய்டு கைப்பேசியில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்னும் வசதி இருக்கும். இரண்டும் 2009இல் வந்தவை. இயக்கியபின், விரல் தொட்ட இடத்தில் உள்ளதை அது உரக்கச் சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். இஃதறியாது, கைப்பேசி கெட்டுவிட்டதென்று கடைக்கு எடுத்தோடியவரை யானறிவேன். குரலைத் தமிழுக்கு மாற்றுவதும் இன்றியமையாதது. ஆங்கிலக் குரலோ மலாய்க் குரலோ தமிழெழுத்தைக் கண்டால் பெரும்பாலும் வாய்மூடிக்கொள்ளும்.

நிற்க. 2020இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பயிற்சித்தாள்களைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்பி வந்தேன். பார்வை குன்றிய நான்காம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு அவை யாவும் வெறும் 'படம்' என்றே ஒலித்தன. தொழிற்சாலை வேலை முடிந்து தாய் வந்து படித்துக்காட்டும்வரை அப்பிள்ளை காத்திருந்தாள். பிழை அவள் கண்ணிலன்று, என் தாளில் இருந்தது. இதனை உணர எனக்கு இரு மாதமாயிற்று என்பதைச் சொல்ல நாணுகிறேன்.

காரணம் எளியது. குரல் படிப்பது எழுத்தின் உருவத்தையன்று, அதற்குரிய குறியெண்ணை. படத்தில் அவ்வெண் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் உண்டெனினும் மங்கலான தாளில் அவை தடுமாறும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தாள்களோ இன்னும் மோசம். அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. ஆகவே 'அம்மா' என்று நாம் காண்பது கருவிக்கு ஏதோ பொருளற்ற ஆங்கிலக் குவியலாகும். ஒருங்குறியில் தமிழெழுத்துக்குத் தனியெண் உண்டு. தாள்களை அதில் மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினேன். தாய் வீடு திரும்புமுன்பே விடைகள் வரலாயின.

எழுத்து மயக்கமுள்ள பிள்ளைக்கும் இவ்வசதி உதவும். ணகர னகரத்தைக் கண்ணால் பிரித்தறியத் திணறுவோன், சொல்லைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடரலாம். ஆயினும் கருவியைக் கண்மூடி நம்புதல் தகாது; தமிழெழுத்தில் எழுதிய 'கம்போங்', 'பாசார்' போன்ற மலாய்ச் சொற்களை அது கடித்துக் குதறும்.

செவிப்புலன் குறைந்தோருக்குப் பேச்சை எழுத்தாக்கும் வசதியுண்டு. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இல் தமிழுக்கு வந்தது. தகரக் கூரையில் மழை பொழியும் வகுப்பறையில் அது சோர்ந்துவிடும். ஆசிரியர் கருவியைத் தம் வாயருகே பிடித்துப் பேசினால் ஓரளவு தேறும்.

மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொணர்வதற்குப் பொதுவாக இடமில்லையாதலால், இப்பழக்கம் வீட்டிலும் ஆசிரியர் கையிலும் தொடங்கவேண்டும். அடுத்த பயிற்சித்தாளை அனுப்புமுன், டாக்பேக்கை இயக்கிக் கண்களை மூடிக்கொண்டு, ஆசிரியர் அதனைத் தாமே ஒருமுறை கேட்டுப்பார்க்கட்டும். முதல் வினாவே காதில் விழவில்லையெனில் தாளை மாற்றி எழுதுக.