உங்களுக்குத் தெரியுமா? ஆதிகால நத்தார்க் குறும்படங்கள்

1898இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் அல்பேர்ட் ஸ்மித் உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடும் ‘சான்டா குளோஸ்’ என்னும் மௌனப்படத்தில், பிள்ளைகள் உறங்கும் அறை இருண்டதும் திரையில் ஒரு வட்டம் தோன்றி, அதனுள் நத்தார் தாத்தா கூரைமீதிருந்து புகைபோக்கிக்குள் இறங்குவது தெரிகிறது. பின்னர் அவர் அறைக்குள் வந்து காலுறைகளைப் பரிசுகளால் நிரப்பி மறைகிறார். ஒரே படச்சுருளில் இருமுறை ஒளி படச்செய்து இரு காட்சிகளை இணைக்கும் இரட்டைப் பதிவு முறையே அவ்வட்டக் காட்சியை இயலச் செய்தது. திரைக்கலை பேசவும் பழகாத அவ்வயதில், ஒரே வேளையில் ஈரிடங்களில் நடப்பதைக் காட்டிய துணிவு உண்மையிலேயே வியக்கத்தக்கது.

தமிழகத்தில், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில குறும்படங்களையும் வாங்கி, இயேசுவின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் படத்தை ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். பிரான்சின் பாதே நிறுவனம் இத்தகைய படங்களைத் தனித்தனிக் காட்சிகளாகவும் விற்றமையால், மாட்டுத்தொழுவம், விண்மீன், ஞானிகளின் வருகை போன்ற பிறப்புக் காட்சிகளை மட்டுமே வாங்கி ஓட்டவும் வழியிருந்தது. அப்படங்களின் சில படிகளில் காணும் நிறங்கள், வெட்டுத்தகட்டின் வழியே ஒவ்வொரு சட்டமாகச் சாயமிட்டுப் பெறப்பட்டவை.