காடு திருத்திய இரு குடிகள்

பிழைப்பைத் தேடி மனிதன் ஊர்விட்டு ஊர் செல்வது இன்று நேற்றுத் தோன்றியதன்று. எங்கள் குண்டடம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் கலப்பையைச் சாய்த்து வைத்துவிட்டுத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் பேருந்து ஏறியவர்கள் இங்கே பலர். அதே திருப்பூருக்கு இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். ஆகவே, குடிபெயர்ந்தோர் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

இக்கட்டுரையில் இரு குடிகளை அருகருகே நிறுத்திப் பார்க்க விழைகிறேன். ஒன்று, கனடா நாட்டுப் புல்வெளிக்குச் சென்ற ஆங்கிலேயக் குடி. மற்றொன்று, இலங்கை மலைநாட்டிற்குச் சென்ற நம் தமிழ்க்குடி. இரண்டும் கன்னி நிலத்தைத் திருத்தின. ஆயின், ஒன்றன் வரலாறு வீட்டுக்கு வீடு எழுதப்பட்டது. மற்றொன்றன் வரலாறு பெரும்பாலும் மண்ணோடு போயிற்று. காரணம் யாது?

புல்வெளிக்குப் போனவர்கள்

மேற்குக் கனடாவின் பெரும் புல்வெளிகளில் மக்களைக் குடியேற்ற அந்நாட்டரசு 1872-இல் ஒரு சட்டம் இயற்றியது. பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர் நிலம். மூன்றாண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, குறித்த அளவு நிலத்தை உழுது பயிரிட்டுக் காட்டினால் அந்நிலம் அவர்களுக்கே சொந்தம்.

இதை நம்பி 1903 மார்ச் 31-ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து 'லேக் மானிட்டோபா' என்னும் கப்பலில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் புறப்பட்டனர். ஐசக் பார் என்ற பாதிரியார் அழைத்துச் சென்றதால் 'பார் குடியேறிகள்' என்பது அவர்களுக்குப் பெயர். எழுத்தர்கள், கடைக்காரர்கள் என நகரத்து மக்களே அவர்களில் மிகுதி. ஏர் பிடித்துப் பழகாத கைகள்! சாஸ்கட்டூன் வரை புகைவண்டி. அதன்பின் சுமார் 200 மைல் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் சேற்றுப் பயணம். ஏற்பாடுகள் குலைந்ததால் பார் மீது நம்பிக்கை இழந்தவர்கள், ஜார்ஜ் லாயிட் என்ற மற்றொரு பாதிரியாரைத் தலைவராக ஏற்றனர். அவர் பெயரால் எழுந்ததே லாயிட்மின்ஸ்டர் நகரம். மரம் அரிதான இடங்களில் புல்வேரோடு மண்கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினர். உறைபனிக் காலத்தை அதனுள்ளே கழித்தனர்.

அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. எனினும், பாட்டின் முடிவில் பட்டா கிடைத்தது. அந்த மண்ணுக்கு முன்பே உரியவர்களாயிருந்த கிரீ முதலிய பழங்குடியினரோ, காட்டெருமைகள் அழிந்து பசி வாட்டிய நாளில், 1876-ஆம் ஆண்டு ஆறாம் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். பின்னர் ஒதுக்கப்பட்ட சிறு பகுதிகளில் அடங்க நேர்ந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

கண்டிச் சீமைக்குப் போனவர்கள்

அதே 1876-இல்தான் நம் நாட்டைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. ஆனால் நம் மக்கள் அதற்கும் ஐம்பது ஆண்டுகள் முன்பிருந்தே கண்டிச் சீமைக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். பஞ்சம் அந்த ஓட்டத்தைப் பெருக்கியது. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் எண்ணற்றோர்.

சென்றவர்கள் காட்டை வெட்டினர், காப்பி நட்டனர், மலையில் பாதை போட்டனர். 1869-இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கியது. 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மெல்ல மெல்ல மலை முழுவதும் பரவியது. டெய்லரின் பெயர் நூல்களில் உண்டு. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களின் பெயர்களை எங்கே போய்த் தேடுவது?

கங்காணி கொடுத்த முன்பணம் ஊரிலேயே கடனாக ஏறியது. கடன் கணக்கெழுதிய 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. இம்முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. குடியிருக்க லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. மூன்றாண்டு உழைத்த ஆங்கிலேயனுக்கு 160 ஏக்கர். மூன்று தலைமுறை உழைத்த தமிழனுக்கு அந்த ஓர் அறையும் சொந்தமில்லை!

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டத்தால் சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் இங்கே, தம்பி அங்கே எனக் குடும்பங்கள் பிரிந்தன. திரும்பியோருக்காக நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது.

பட்டாவும் வரலாறும்

இரு குடிகளுக்கும் வேறுபாடு உழைப்பில் இல்லை, சட்டத்தில் இருந்தது. நிலம் கேட்ட ஒவ்வோர் ஆங்கிலேயனுக்கும் அரசு ஒரு கோப்புத் திறந்தது. அவன் எப்போது வந்தான், எத்தனை ஏக்கர் உழுதான், வீடு எத்தகையது, மாடு எத்தனை என்பவை அதில் பதிவாயின. பேரன் பேத்திகள் அக்கோப்புகளைக் கொண்டே முன்னோர் கதையைத் தொகுத்தனர்; புல்வெளி ஊர்கள் பலவற்றில் குடும்பத்துக்குக் குடும்பம் வரலாறு எழுதி நூலாக்கினர். தோட்டத் தொழிலாளியின் பெயரோ துரையின் கணக்கேட்டில் இருந்தது. உழைக்கும் வரை பெயர். கை ஓய்ந்தால் பெயரும் இல்லை.

ஆயினும் அவர்கள் ஊமையாக இருந்துவிடவில்லை. கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் பாடிய பாடல்களில் தம் கதையைச் சேமித்தனர். மலையகத்து எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தொகுத்தார். 'நாடற்றவர் கதை' எழுதினார். தமிழகத்தில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அத்தோட்ட வாழ்வைக் காட்டியது. 2023-இல் மலையக மக்கள், தாம் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியே நடந்தனர்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவர்களில் நானே முதல். என் தாத்தாவின் தாத்தா பெயர் எங்களுக்குத் தெரிந்தது ஒரு பழைய நிலப் பத்திரத்தால். அதில் 'இன்னார் மகன்' என்று ஒரு வரி உண்டு. பாட்டியின் முன்னோரைப் பற்றி அந்த ஒரு வரியும் இல்லை. நிலமே இல்லாத என் நண்பன் வீட்டில் தாத்தாவுக்கு அப்பால் பெயரே கிடையாது. எங்கோ நடந்தது என்று நான் படித்தது, எங்கள் தெருவிலும் நடந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! இந்தக் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு குறிப்பேடு எடுப்போம். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்போம். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தப் பஞ்சத்தில் வந்தோம், என்ன வேலை செய்தோம், தாய்வழிப் பாட்டியின் பெயர் என்ன என்பவற்றை எழுதுவோம். அவற்றை நம் கல்லூரி நூலகத்தில் சேர்த்து வைக்கப் பேராசிரியப் பெருமக்கள் துணைபுரிய வேண்டும். பனியன் கம்பெனியில் நம் அக்காவுக்குப் பக்கத்துத் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் ஒடிசாக்காரரிடமும் ஊரும் பேரும் கேட்போம். சம்பளப் பட்டியலில் மட்டுமே அவர் பெயர் இருந்துவிடக் கூடாது.