நடுவூர் யாருக்கு?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்டிலிருந்து வடமேற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, ஃபிளின்ட் என்று ஓர் ஊர். 1984 ஜூலையில் அந்த ஊரின் நடுவே ‘ஆட்டோவேர்ல்ட்’ என்ற பொழுதுபோக்கு மையத்தைத் திறந்தார்கள். ஏறக்குறைய 8 கோடி டாலர் செலவு. ஒரே கூரைக்கடியில் பழைய ஃபிளின்ட் தெருவின் மாதிரி, ராட்டினம், மாடி உயரத்துக்கு ஒரு கார் எஞ்சின், அகன்ற திரையில் சினிமா. ஒரு பக்கத்தில் ஆலைத் தொழிலாளி போல ஒரு பொம்மை. அருகில் ஒரு ரோபோ. தன் வேலையைப் பிடுங்க வந்திருக்கும் அந்த இயந்திரத்தைத் தோழனாகக் கொஞ்சி அந்தப் பொம்மை பாடும்.

ஊரில் ஆலைகள் ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த நேரம் அது. பலர் வேலை இழந்து உட்கார்ந்திருந்த ஊரில், அந்த வேலை போவதையே வேடிக்கையாக்கி, அதைப் பார்க்க ஆண்டுக்கு 9 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆறே மாதத்தில் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. அவ்வப்போது திறந்து பார்த்துவிட்டு, 1997-இல் கட்டடத்தை இடித்தே போட்டார்கள்.

நொடித்துப்போன தொழில் நகரம் ஒவ்வொன்றிலும் இந்த வாக்குவாதம் உண்டு. இருக்கிற கொஞ்சப் பணத்தை நடுவூரான டவுனில் போட்டு ஊரின் முகத்தைத் திருத்துவதா, மக்கள் குடியிருக்கும் தெருக்களில் போடுவதா? முகம் திருந்தினால்தான் முதலீடு வரும் என்பது ஒரு கட்சி. வயிறு காய்கிற வீட்டுக்கு வாசலில் வண்ணக்கோலம் எதற்கு என்பது மறு கட்சி. ஃபிளின்ட் இந்த வழக்கை ஐம்பது ஆண்டுகளாக நடத்திவருகிறது. வேறெந்த ஊரையும்விடக் கடுமையான விலை கொடுத்து நடத்தியிருக்கிறது.

இந்த ஊருக்குப் பெருமையை யாரும் விளம்பரம் போட்டு ஊட்ட வேண்டியதில்லை. டவுனின் நடுவே செல்லும் சாகினா வீதி இன்றும் செங்கல் பாவிய வீதிதான். மேலே இரும்பு வளைவுகளில் ‘வெஹிக்கிள் சிட்டி’ என்று எழுதியிருக்கும். கார் வருவதற்கு முன்பே வந்த பட்டம் அது. வில்லியம் டூரண்டும் டல்லாஸ் டார்ட்டும் 1886-இல் இங்கே குதிரை வண்டி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். அந்த வண்டிப் பணத்திலும் வண்டித் தச்சர்களின் கைத்திறனிலும்தான் கார்த் தொழில் வேர்விட்டது. 1908-இல் டூரண்ட் ஜெனரல் மோட்டார்ஸை நிறுவினார்.

அதைவிடப் பெரிய பெருமை தொழிலாளிகளுடையது. 1936 டிசம்பர் 30 அன்று ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி ஆலைகளில் வேலைசெய்தவர்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். காருக்குச் செய்து வைத்திருந்த மெத்தை இருக்கைகளிலேயே படுத்துத் தூங்கினார்கள். வெளியிலிருந்து சாப்பாடு ஜன்னல் வழியே போனது. நிர்வாகம் ஜனவரிக் குளிரில் வெப்பமூட்டியை அணைத்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளே இருந்தவர்கள் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள், கார்க் கதவின் கீல்களை எடுத்து எறிந்தார்கள். பெண்கள் தனிப்படை கட்டி ஆலை வாசலில் நின்றார்கள். 44 நாள் கழித்து உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டது. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்களும் சொந்த வீடு, கார், பிள்ளைகளுக்குக் கல்லூரி என்று வாழ முடிந்த அமெரிக்கா, பெருமளவு அந்த 44 நாளில் பிறந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடைசெய்யும் நகரச் சட்டத்தை 1968-இல் ஃபிளின்ட் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். வித்தியாசம் வெறும் 30 வாக்குகள். அப்படியொரு சட்டத்தை மக்கள் தாங்களே வாக்களித்து ஏற்றது அந்த நாட்டில் அதுவே முதல்முறை. சட்டம் வந்தது. ஆனால் கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த செயின்ட் ஜான், ஃப்ளோரல் பார்க் என்ற இரண்டு பகுதிகளையும் நகரப் புதுப்பிப்பு என்றும் நெடுஞ்சாலை என்றும் சொல்லித் தரைமட்டமாக்கினார்கள். வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் ஃபிளின்டின் பல குடும்பங்கள் இன்றும் சந்தேகத்தோடு நிமிர்வது இதனால்தான். அந்தச் சந்தேகத்தை முன்னேற்ற விரோதம் என்று தள்ளுவது பெரிய அநியாயம்.

சின்னப் பெருமையும் உண்டு. டவுனில் ஒரு வங்கியின் உச்சியில் 1956 முதல் பெரிய விளக்கு உருண்டை ஒன்று இருக்கிறது. சிவப்பாக எரிந்தால் வெயில் ஏறும், நீலமென்றால் குளிர் கூடும், மஞ்சளென்றால் மாற்றமில்லை, விட்டுவிட்டு எரிந்தால் மழையோ பனியோ. அங்கே வளர்ந்த குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வங்கி கைமாறியபோது உருண்டையில் இருந்த எழுத்துகள் மாறின. உருண்டை போகவில்லை.

1960-இல் இந்த ஊரின் மக்கள்தொகை 1,96,940. எழுபதுகளின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் ஃபிளின்ட் வட்டாரத்தில் 80,000 பேருக்கு வேலை கொடுத்தது. பிறகு எண்ணெய் விலை ஏறியது, ஜப்பான் கார்கள் வந்தன, இயந்திரங்கள் வந்தன, கம்பெனி புது ஆலைகளை வேறிடங்களில் கட்டியது. 1999-இல் பியூக் சிட்டி ஆலை வளாகத்தில் கார் உற்பத்தி நின்றது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 81,252. வீதியும் குழாயும் இரண்டு லட்சம் பேருக்காகப் போட்டவை. அவற்றைப் பராமரிக்க வரி கட்டுவோர் அதில் பாதிக்கும் குறைவு. டவுனின் கடைகளோ அதற்கும் முன்பே வாடத் தொடங்கிவிட்டன. 1970-இல் ஊருக்கு வெளியே ஜெனிசீ வேலி என்ற பெரிய வணிக வளாகம் திறந்ததும் வாடிக்கையாளர்கள் கார் ஏறி அங்கே போனார்கள்.

அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தத்தான் எண்பதுகளில் டவுனில் மூன்று பெரிய கட்டடங்கள் எழுந்தன: 1981-இல் ஹயாட் ரீஜென்ஸி ஹோட்டல், பிறகு ஆட்டோவேர்ல்ட், 1985-இல் வாட்டர் ஸ்ட்ரீட் பெவிலியன் என்ற கடை வளாகம். மூன்றும் நினைத்தபடி ஓடவில்லை. ஃபிளின்ட் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த மைக்கேல் மூர் 1989-இல் எடுத்த ‘ரோஜர் அண்ட் மீ’ படம் இவற்றை உலகறியச் சிரிப்புக்கிடமாக்கியது. அந்தப் படத்தின் கோபம் நியாயமானது. ஆனால், ஆலை மூடலுக்குப் பிறகு அதிகாரிகள் இந்தக் கூத்தை அரங்கேற்றியதுபோல் படம் காட்டும் வரிசை சரியல்ல. ஹார்லன் ஜேக்கப்சன் என்ற விமர்சகர் அப்போதே அதைச் சுட்டிக்காட்டினார். 1986-இல் அறிவித்த பெரிய ஆட்குறைப்புக்கு முன்பே மூன்றும் கட்டி முடிந்துவிட்டன. அவற்றைக் கட்டியவர்கள் ஊர் எரியும்போது கூத்தடித்தவர்கள் இல்லை. அடுத்த அடி விழுமுன் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று பதறியவர்கள். அவர்கள் செய்த பிழை வேறு. ஊர்க்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், வெளியூர்க்காரர் எதைப் பார்க்க வருவார் என்று மட்டும் யோசித்தார்கள். இதைக் கவனித்தால் போதும்: மூன்றில் ஹோட்டலும் கடை வளாகமும் பிற்காலத்தில் மாணவர் விடுதியாகவும் பல்கலைக்கழகக் கட்டடமாகவும் பிழைத்துக்கொண்டன. ஆட்டோவேர்ல்ட் நின்ற மண்ணும் பல்கலைக்கழகத்திடம் போனது. அன்றாடம் வந்துபோகும் ஆட்கள் கிடைத்ததும் டவுன் கொஞ்சம் மூச்சுவிட்டது.

எல்லாக் கட்டடமும் அப்படிப் பிழைக்கவில்லை. ஊரின் மிக உயரமான கட்டடமாக இருந்த ஜெனிசீ டவர்ஸ் 19 மாடி. ஆளின்றிப் பாழடைந்து, காரை பெயர்ந்து தெருவில் விழும் நிலைக்கு வந்தது. உரிமையாளரோடு நடந்த வழக்கில் நகராட்சி தோற்று, பல மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைச் சொத்து வரியில் ஏற்றி மக்கள் தலையில் வைத்தார்கள். 2013 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாலு மாதம் கழித்துத் தண்ணீர் மாறியது.

தண்ணீர் கதை உலகறிந்தது. ஆனாலும் டவுன் வாக்குவாதத்தை அதைத் தவிர்த்துப் பேச முடியாது. கடனில் மூழ்கிய நகராட்சியை மாநில அரசு 2011-இல் எடுத்துக்கொண்டு, அவசரகால நிர்வாகிகளை நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் கவுன்சிலும் பெயரளவுக்கு இருந்தார்கள். செலவைக் குறைக்க, 2014 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் இறங்கியது. நிறமும் நாற்றமும் மாறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மக்கள் கூட்டம் கூட்டமாக முறையிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று தன் எஞ்சின் ஆலைக்கு வேறு இணைப்பு வாங்கிக்கொண்டது. குழந்தைகள் இன்னும் ஓராண்டு அதையே குடித்தார்கள். 2015 செப்டம்பரில் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எண்களோடு வெளியிட்ட பிறகுதான் அரசு இறங்கிவந்தது. இரும்புக்குக் கிடைத்த கவனிப்பு பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை எழுதும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது.

இந்தப் பின்னணியில்தான் 1928-இல் கட்டிய கேபிட்டல் தியேட்டரைச் சுமார் 3.7 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2017 டிசம்பரில் திறந்தார்கள். பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஊருக்குப் பொன்முலாம் பூசிய தியேட்டரா என்ற கேள்வி எழுந்தது. எழத்தான் செய்யும். பணத்தில் பெரும்பகுதி அறக்கட்டளைகளும் வரிச்சலுகைகளும் தந்தது. அதைக் குழாய்க்குத் திருப்ப முடியாது என்று பதில் சொன்னார்கள். கணக்காளரின் பதிலாக அது சரி. டவுனில் தலைமையகம் வைத்திருக்கும் மாட் அறக்கட்டளை, தியேட்டருக்கு மட்டுமல்ல, 2015-இல் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பும் செலவுக்கும் 40 லட்சம் டாலர் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் குடிமக்கள் கேட்டது கணக்கை அல்ல. எங்கள் பெயரில் முடிவெடுப்பவர் யார் என்றுதான் கேட்டார்கள். வாக்குரிமையைப் பிடுங்கி நிர்வாகியை உட்காரவைத்த ஊரில், அறக்கட்டளையின் நல்ல மனமும் மேலிருந்து இறங்கும் இன்னொரு உத்தரவாகவே தோன்றும். தியேட்டரைக் காப்பாற்றியது சரிதான் என்று நான் நினைக்கிறேன். தாத்தா பாட்டி படம் பார்த்த இடத்தை இடித்துக் கார் நிறுத்தமாக்குவது ஏழைக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. கேட்டுச் செய்திருக்க வேண்டும். அவ்வளவே.

டவுனில் சரியாக நடந்த காரியம் எது என்று என்னைக் கேட்டால், உழவர் சந்தையைச் சொல்வேன். ஆற்றங்கரையில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்த சந்தையை 2014-இல் டவுனுக்கு, உள்ளூர் நாளிதழின் பழைய அச்சகக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அதற்கும் பலத்த எதிர்ப்பு. பழைய இடத்தின் வாசனை போய்விடும், பணக்காரர் அங்காடியாகிவிடும் என்று பயந்தார்கள். நடந்தது வேறு. எதிரிலேயே நகரப் பேருந்து நிலையம். காரில்லாத குடும்பமும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கலாம். 2015-இல் குழந்தைகள் சிகிச்சை நிலையம் ஒன்று சந்தையின் மாடிக்கே குடிவந்தது. மோனா ஹன்னா-அட்டீஷா பணியாற்றிய நிலையம்தான் அது. ஈயம் ஏறிய உடம்புக்கு இரும்பு, கால்சியம், வைட்டமின் சி உள்ள சாப்பாடு வேண்டும். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல 15 டாலருக்குப் பழமும் காய்கறியும் வாங்கச் சீட்டு எழுதித் தரும் வழக்கமும் வந்தது. தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி, கீழே கீரையும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, எதிரில் பஸ் ஏறலாம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சந்தை உண்டு. இத்தனைக்கும் அங்கே ராட்டினமோ பாடும் பொம்மையோ கிடையாது.

ஆகஸ்டில் 1977 முதல் நடந்துவரும் கிரிம் பத்து மைல் ஓட்டம் சாகினா வீதியில்தான் தொடங்கி முடிகிறது. அதே மாதத்தில் பழைய கார்கள் செங்கல் வீதியில் அணிவகுக்கும் திருவிழாவும் உண்டு. கூட்டம் அலைமோதும். நல்லதுதான். ஆனால் டவுனை எடைபோட விழா நாள் உதவாது. சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே யார் நடமாடுகிறார்கள், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

2025 கோடையில், ஈயக் குழாய்களை மாற்றும் நீண்ட வேலை முடிந்ததாக மாநில அரசு அறிவித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தோண்டி மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் தர வரம்புக்குள் வந்து பல ஆண்டுகளாகியும், குழாயை நம்பாமல் கடையில் தண்ணீர் வாங்கும் வீடுகள் நிறைய. ஊரின் வடபகுதியில் பெரிய மளிகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. பியூக் சிட்டி நின்ற பரந்த நிலத்தைத் தனியார் நிறுவனமொன்று வாங்கித் தொழிற்கூடங்கள் கட்டிவருகிறது. பழைய ஆலையின் நஞ்சு இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது. கவுன்சில் கூட்டங்களில் இவையெல்லாம் சூடாகவே பேசப்படுகின்றன. அந்த நிலத்தில் எதைக் கட்டினாலும் வடபகுதியிலிருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும், அங்கே கிடைக்கும் வேலையில் எத்தனை இந்த ஊர்க்காரருக்கு, மண்ணைச் சுத்தம்செய்யும் செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆட்டோவேர்ல்டுக்கு அடிக்கல் போட்டபோது இதில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், அதுவும் சத்தமாக.