நூலும் இழையும் நட்பும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்தார். நூல் என்றால் ஏடும் ஆகும், இழையும் ஆகும். மனிதர் நெருங்கிப் பழகுவதையும் ‘இழைதல்’ என்கிறோம். இம்மூன்றும் ஒன்றுகூடிய சங்கதி ஒன்றைச் சொல்கிறேன்.

ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசி வேண்டும். குரோஷாவுக்குக் கொக்கி வைத்த ஊசி ஒன்றே போதும். துண்டு துண்டாகப் பின்னி, பிறகு ஓரங்களைச் சேர்த்துவிடலாம். ஆகவே ஒரே போர்வையைப் பல ஊரிலிருந்து பலர் பின்ன முடியும். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ குழுவினர் அப்படித்தான் செய்தனர். 2016 ஜனவரியில் சென்னையில் விரித்த அவர்கள் போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அது கின்னஸ் சாதனை ஆயிற்று.

இதிலொரு சூட்சுமம் உண்டு. நூலின் பருமன், ஊசி அளவு, கையின் இறுக்கம் மூன்றும் ஒத்துவராவிட்டால் துண்டுகள் பொருந்தா. ‘உங்களுது எத்தனை அங்குலம் வந்தது?’ என்று கேட்டே ஆகணும். சிநேகம் அங்கேதான் ஆரம்பம்.

நம் ஏ.எஸ்.ராவ் நகரிலும் இதைக் கண்டேன். பிள்ளைகள் வெளிநாடு போனபின் என் சம்சாரம் பேச ஆளில்லாமல் இருந்தாள். தெலுங்கும் சரியாக வராது. மாடிவீட்டு அம்மாள், குரோஷா லேஸுக்குப் பேர்போன நரசாபுரத்துக்காரர். பாஷைக்கு முன்னால் கை பேசிற்று. இன்று ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். பின்னல் கணக்கோடு அன்றன்றைய பேச்சையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். நாற்பது வருஷம் கடைக்கணக்கு மட்டுமே எழுதிய நான், அதைப் படித்துத்தான் பக்கத்து வீட்டாரின் பெயர்களைத் தெரிந்துகொண்டேன்.