கட்டப்படாத மாபெரும் ராக்கெட்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌரா மாவட்டத்திலுள்ள சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் நீண்ட வண்டி ஒரே இரும்புக் கூடாகச் செய்யப்பட்டதன்று. தனித்தனிப் பெட்டிகள் இணைக்கப்பட்டே அது வண்டியாகிறது. வேண்டாத பெட்டியை வழியில் கழற்றி நிறுத்தவும் இயலும். எல்லோரும் அறிந்த இம்முறையே, நோவா என்னும் மாபெரும் ராக்கெட் கட்டப்படாமற் போனதன் காரணத்தை விளக்கவல்லது.

1959ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் நோவாவுக்குப் பல வரைவுகளை வகுத்தது. மனிதரை ஏற்றிய கலம் நேரே சந்திரனில் இறங்கி, அங்கிருந்து நேரே பூமிக்குத் திரும்ப வேண்டுமென்பது அப்போதைய கருத்து. அவ்வாறாயின், திரும்பும் பயணத்துக்குரிய எரிபொருளும், வாயு மண்டலத்தில் நுழையும்போது வெப்பத்தைத் தாங்கும் கவசமும் சந்திரனில் இறக்கப்பட்டு, மீண்டும் அங்கிருந்து தூக்கப்பட வேண்டும். அப்பாரத்தைச் சுமக்க எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். ஆகவே, முதற் கட்டத்தில் எட்டு எப்-1 எஞ்சின்கள் கொண்ட ராக்கெட் தேவையெனக் கருதப்பட்டது.

நாசாவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்துப் பொறியியலறிஞர் ஜான் ஹூபோல்ட் வேறொரு முறையை விடாது வற்புறுத்தினார். தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறு கலம் மட்டும் இறங்கி, மீண்டு வந்து அதனுடன் இணைய வேண்டும் என்பதே அது. அத்தனை தொலைவில் இணைப்புத் தவறினால் வீரர்களை மீட்க வழியில்லையெனப் பலர் அஞ்சினர். எனினும் 1962 ஜூலையில் நாசா இம்முறையை ஏற்றது. ஐந்து எப்-1 எஞ்சின்கள் கொண்ட சாட்டர்ன்-5 போதுமானதாயிற்று. 1966 மார்ச்சில் ஜெமினி-8 கலம் விண்வெளியில் முதல் இணைப்பை நிகழ்த்தியது. 1969 ஜூலையில் மனிதர் சந்திரனில் இறங்கினர். நோவா காகிதத்தோடு நின்றது.

நம் நாட்டிலும் இதே வினா எழுந்தது. சந்திரனின் மண்ணைக் கொணரவிருக்கும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன் பாரம் ஒரே எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் அடங்காது. ஆதலால் பகுதிகளை இரு ராக்கெட்டுகளில் அனுப்பி, விண்ணில் இணைக்கத் திட்டமிடப்பட்டது. 2025 ஜனவரி 16ஆம் நாள் ஸ்பேடெக்ஸ் சோதனையில், சுமார் 220 கிலோகிராம் எடையுள்ள இரு கலங்கள் வெற்றியுடன் இணைந்தன. மணிக்கு ஏறக்குறைய 27,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிய அவை, ஒன்றையொன்று நெருங்கியதோ மிக மெதுவாகவே.

ரயில் நிலையத்தில் பெட்டியை நோக்கி எஞ்சின் ஊர்ந்து வருவதை மாணவர் பலரும் கண்டிருப்பர். விண்கல இணைப்பை விளக்க முற்படும் ஆசிரியர் அக்காட்சியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.