பூச்செடிக்குப் போர்வை எதற்கு?

மார்கழி விடியலில் திருவொற்றியூரில் மிதிவண்டியின் இருக்கையைத் தொட்டால் பனி ஈரம் கையில் ஒட்டும். உதகமண்டலத்திலோ அதே ஈரம் புல்லின்மேல் வெண்துகளாய் உறைந்து கிடக்கும். அதற்கு அஞ்சி, அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடி வைப்பார்கள். போர்வை போர்த்தினால் குளிராது என்பதில் என்ன விந்தை என்று கேட்கலாம். நம் உடல் வெப்பத்தை உண்டாக்குகிறது. போர்வை அதைக் காக்கிறது. செடி அவ்வாறு சூடு உண்டாக்குவதில்லையே! பின் போர்வை எதைக் காக்கிறது?

எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களை ஓயாமல் வீசுகின்றன. பகலில் வெயில் என்னும் வரவு உண்டு. இரவில் பெரும்பாலும் செலவுதான். மேகம் இருந்தால் அக்கதிர்களை உட்கவர்ந்து ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். எண்ணூரின் ஈரக் காற்றும் ஓரளவு இதைச் செய்கிறது. போதாக்குறைக்குக் கடல் என்ற வெப்பக் கிடங்கு வேறு அருகில் இருக்கிறது. உதகையோ 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர். அங்கு மேகமற்ற, காற்றசையாத இரவில் இலை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். ஆகவே, ஆள் மார்பளவு உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே கீழே புல் வெளுத்திருக்கும். உறைபனி 'கொட்டியது' என்று நாளேடுகள் எழுதுவது பொருந்தாது. அது வானிலிருந்து விழுவதில்லை. இலையின் மேலேயே உண்டாகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கேதான் பாதிப்பு மிகுதி.

உறையும்போது இலையின் உயிரணுக்களுக்கு இடையே பனிக்கட்டி தோன்றி, அணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. நீரிழந்த அணு சாகிறது. தேயிலைத் தோட்டம் தீப்பட்டதுபோல் கருகுவது இதனால்தான். கொழுந்து கருகிவிட்டால் சிறு விவசாயிக்குப் பறிப்பும் இல்லை, வருவாயும் இல்லை.

இனி போர்வைக்கு வருவோம். மேலே கிடக்கும் கிளைகள் செடிக்குப் பதிலாக வானைப் பார்த்துக் குளிர்கின்றன. மண் பகலில் சேர்த்த வெப்பம் அவற்றின் அடியில் தங்கிச் செடியைக் காக்கிறது. எனவே மூடாக்கு தரைவரை படிய வேண்டும். செடியை மட்டும் பொட்டலம்போல் கட்டி மண்ணை வெளியே விட்டால் பயன் குறைவு. பகலில் அதை விலக்கினால் மண்ணில் வெயில் படும்; ஈர இருட்டை நாடும் நத்தையும் பூச்சியும் அங்கே குடியேறா.

இரவில் நீர் தெளிப்பதும் ஒரு முறை. 1 கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. ஆனால் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 600 கலோரி தேவை. தெளிப்பு நடுவில் நின்றால் ஆவியாதல் வென்று, தெளிக்காத செடியைவிடத் தெளித்த செடி அதிகமாகக் குளிரும். மின்சாரத்தை நம்பி இம்முறையில் இறங்க எனக்குத் துணிவில்லை.

இராயபுரத்து மாணவரும் இதைச் சோதிக்கலாம். தை மாதத்தில் தெளிந்த ஓர் இரவில் மொட்டை மாடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் இரண்டு வெப்பமானிகளை வையுங்கள். ஒன்றின்மேல் மட்டும் குடையை விரித்து வைத்து, விடியுமுன் இரண்டையும் பாருங்கள்.